நாலரை ஏக்கரும் ஓர் எக்செல் பூட்டும்

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் வர முடியவில்லை மக்களே. மார்ச் மாதம் வங்கியில் வேலை பார்ப்பவனுக்கு ஆணி எவ்வளவு என்று தெரிந்தவர்கள் மன்னித்து விடுவார்கள். தெரியாதவர்கள், வங்கியில் வேலை பார்க்கும் பெண்ணையோ பையனையோ கட்டிக்கொண்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டுத் தங்கமணி இது பற்றித் தனிப் பதிவே போடுவார் :-)

போன வாரம் நாக்பூரில் எங்கள் குடியிருப்புத் தமிழ்க் குடும்பங்களின் பொங்கல் வரவு செலவை முடித்தோம். எக்செல் கோப்பு. எல்லோருக்கும் அனுப்பி, எல்லோரும் திருத்தி, கடைசியில் மொத்தத்தில் 1,800 ரூபாய் இடித்தது. தேடினால், கூட்டல் ஃபார்முலா இருந்த செல்லில் யாரோ நேராக ஒரு எண்ணைத் தட்டியிருக்கிறார்கள். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. ஆனால் கூட்டத்தில் எல்லோர் பார்வையும் பொருளாளர் பக்கம் திரும்பியது. அந்த மனுஷன் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்ததும் எனக்கு 2008 ஞாபகம் வந்துவிட்டது. அதனால்தான் இந்தப் பதிவு. எக்செல் பூட்டின் கதையோடு என் கதையும் கொஞ்சம் வரும்.

முதலில் பேரேட்டுக் காலம்

பி.காம் படித்தவர்களுக்கு லூகா பாசியோலி பெயர் தெரியும். 1494-ல் வெனிஸில் அச்சான அவருடைய கணித நூலில்தான் இரட்டைப் பதிவு முறை முதன்முதலாக அச்சில் விரிவாக வந்தது. பரீட்சைக்கு அதோடு நிறுத்திக்கொள்வோம். ஆனால் அதே நூலில் இன்னொரு யோசனையும் இருக்கிறது. வியாபாரி தன் கணக்குப் புத்தகங்களை, வணிகத்தைக் கவனிக்கும் அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். எத்தனை பக்கம், எந்த நாணயத்தில் கணக்கு, யார் கையால் எழுதப்போகிறது என்பதையெல்லாம் பதிந்து முத்திரை வாங்க வேண்டும். பெருகியா போன்ற ஊர்களில் இந்த வழக்கம் இருந்ததாக அவரே சொல்கிறார்.

அதாவது, பக்கத்தைக் கிழிக்க முடியாது, கிழித்தால் எண்ணிக்கை காட்டிக் கொடுக்கும். வேறு ஆள் எழுத முடியாது, எழுதினால் கையெழுத்து காட்டிக் கொடுக்கும். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய செல் பூட்டு இது.

நம் வங்கிகளின் பேரேடுகளிலும் இதே புத்திதான். ரப்பர் கூடாது. தப்பு வந்தால் ஒரே கோடு போட்டு அடித்து, மேலே சரியான தொகையை எழுதி, பக்கத்தில் இனிஷியல் போட வேண்டும். அடித்த தப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது விதி. செக்கில் தொகையை எழுத்தால் எழுதி முடிவில் 'மட்டும்' என்று போட்டு, மிச்ச இடத்தில் கோடு இழுக்கிறோமே, அதுவும் ஒரு பூட்டுதான். சீனர்கள் இதற்காகவே எண்களுக்குத் தனியாகச் சிக்கலான எழுத்துகளை வைத்திருக்கிறார்கள். சாதாரணமாக எழுதினால் ஒன்று என்பது ஒரே கோடு. இன்னொரு கோடு சேர்த்தால் இரண்டாகிவிடும். அதனால் பணப் பத்திரங்களில் அந்த எழுத்தை நம்ப மாட்டார்கள்.

பொட்டிக்குள் போன பேரேடு

1978-ல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்ளினுக்கு ஒரு யோசனை வந்தது. கரும்பலகையில் ஒரு எண்ணை மாற்றினால் அதைத் தொட்ட எல்லாக் கட்டங்களையும் அழித்து அழித்து எழுத வேண்டியிருக்கிறதே, அது தானாக மாறினால் என்ன? நண்பர் பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து எழுதிய விசிகால்க், 1979-ல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. 63 பத்தி, 254 வரிசை. அவ்வளவுதான் தாள்.

விசிகால்க்கின் முதல் பதிப்பின் கட்டளைகளில் அழி, நகர்த்து, நுழை, நகல் எடு, அச்சிடு எல்லாம் உண்டு. பூட்டு கிடையாது. அப்போது அது தேவைப்படவும் இல்லை. ஓர் ஆள், ஒரு பொட்டி, தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்கிறார். தன் வீட்டு அடுப்படிக்கு யார் பூட்டுப் போடுவார்கள்?

பிறகு கோப்பு கை மாற ஆரம்பித்தது. ஒருவர் ஃபார்முலா போட்டு வைப்பார், இன்னொருவர் எண்களை நிரப்புவார். போட்டவருக்குத் தெரியும் எந்தக் கட்டம் உள்ளே சூத்திரத்தை வைத்திருக்கிறது என்று. நிரப்புபவருக்கு எல்லாம் ஒரே மாதிரி எண்தான். இந்த இடத்தில்தான் பூட்டு பிறந்தது. ஆஸ்பார்ன் 1 என்ற சூட்கேஸ் அளவுக் கணினியோடு 1981-ல் இலவசமாகக் கொடுக்கப்பட்ட சூப்பர்கால்க்கில் கட்டங்களைப் பாதுகாக்கவும், பாதுகாப்பை எடுக்கவும் தனித்தனிக் கட்டளைகள் இருந்தன.

1983 ஜனவரியில் லோட்டஸ் 1-2-3 வந்தது. தொண்ணூறுகளில் ஊரில் கம்ப்யூட்டர் சென்டரில் வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் படித்தவர்கள் கை தூக்குங்கள். நானும் உங்கள் ஜாதிதான். லோட்டஸில் எல்லாக் கட்டமும் முதலில் பூட்டத் தயாராகவே இருக்கும். நிரப்ப வேண்டிய கட்டங்களை மட்டும் விடுவித்துவிட்டு, மொத்தத் தாளுக்கும் பாதுகாப்பை இயக்க வேண்டும். விடுவித்த கட்டங்களுக்குள் மட்டும் கர்சர் போகும்படி செய்யவும் ஒரு வழி உண்டு. ஆனால் பாஸ்வேர்ட் கிடையாது. மெனு தெரிந்த யாரும் அதே வழியில் போய் நிறுத்திவிடலாம். மாட்டுக் கொட்டிலுக்குப் போடும் கயிற்று முடிச்சு மாதிரி. மாட்டுக்குத்தான் தடை, மனுஷனுக்கு இல்லை.

1985-ல் மேக்கிண்டாஷிலும் 1987-ல் விண்டோஸிலும் வந்த எக்செல் இதே வழியில்தான் நடந்தது. இன்றைக்கும் ஒரு புதுத் தாளைத் திறந்து 'ஃபார்மட் செல்ஸ்' போய்ப் பாருங்கள், எல்லா செல்லுக்கும் 'லாக்டு' என்று டிக் இருக்கும். ஆனால் 'புரொடெக்ட் ஷீட்' கொடுக்கும் வரை அந்த டிக்குக்கு எந்த வேலையும் இல்லை. கதவில் பூட்டு தொங்குகிறது, யாரும் சாவியைத் திருப்பவில்லை, அவ்வளவுதான்.

2008, விதர்பா

இப்போது என் கதை. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஊரிலிருந்து வந்து நாலு வருஷம், விதர்பாவில் ஒரு சின்ன ஊரின் கிளையில் உதவி மேலாளர். அந்த வருஷ பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் விவசாயக் கடன் தள்ளுபடியை அறிவித்தார். இரண்டு ஹெக்டேர் வரை நிலம் உள்ள குறு, சிறு விவசாயிகளுக்குத் தகுதியான கடன் முழுவதும் தள்ளுபடி. அதற்கு மேல் இருந்தால் 'மற்ற விவசாயி'. அவர் 75 சதவீதம் கட்டினால் 25 சதவீதம் தள்ளுபடி. குறிப்பிட்ட மாவட்டங்களில் அந்த 25 சதவீதம் அல்லது 20,000 ரூபாய், எது அதிகமோ அது. ஜூன் 30-க்குள் பட்டியலைக் கிளையில் ஒட்ட வேண்டும்.

எங்களுக்கு வந்த எக்செல் தாளில் பழைய கடன் பத்திரத்தில் இருக்கும் ஏக்கரைத் தட்டினால், அடுத்த பத்தியில் ஹெக்டேர் தானாக வரும். அதற்கடுத்த பத்தியில் 'சிறு', 'மற்ற' என்று வகை தானாக விழும். தாளில் பூட்டு இல்லை.

பகலெல்லாம் எண்களைத் தட்டியவர் எங்கள் மூத்த கிளார்க். மராட்டியர், ஓய்வு பெற எட்டு மாதம் பாக்கி. முப்பது வருஷம் பேரேடு எழுதியவர். விசைப்பலகையில் ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டுவார், ஆனால் ஒரு தப்பு இருக்காது. ஆறு மணிக்கு அவர் கிளம்பிய பிறகு, ராத்திரி நான் உட்கார்ந்து சரிபார்த்தேன். ஒரு விவசாயிக்கு நாலரை ஏக்கர். திருத்தம் ஏதோ செய்யப் போய், 4.5 என்பதை ஏக்கர் பத்தியில் போடாமல் ஹெக்டேர் பத்தியில் போட்டுவிட்டேன். போதாததற்குத் தூக்கக் கலக்கத்தில் அதைக் கீழே இழுத்தும் விட்டிருக்கிறேன். பதினோரு வரிசை. நாலரை ஏக்கர் என்றால் 1.82 ஹெக்டேர், முழுத் தள்ளுபடி. நாலரை ஹெக்டேர் என்றால் 'மற்ற விவசாயி'. பதினோரு குடும்பத்தின் நிலத்தை ஒரே இழுப்பில் நாலரை ஹெக்டேர் ஆக்கிவிட்டேன். அவர்களுக்கு அதிகமாகக் கிடைத்தது நிலம் இல்லை, கடன்.

பட்டியல் ஒட்டிய மூன்றாம் நாள் ஒரு பெரியவர் வந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் மடித்து மடித்து நைந்துபோன சாத்-பாரா நகல். சாத்-பாரா என்பது நம் ஊர் சிட்டா, அடங்கல் மாதிரி. "என் வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கும் எனக்கும் ஒரே அளவு நிலம் சாஹேப். அவனுக்கு முழுசும் போச்சு. எனக்கு மட்டும் ஏன் கால்வாசி?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

வரிசையைத் திருத்திவிட்டோம், பதினோரு பேரும் சரியான வகைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் தலைமையிலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது, என்ட்ரி போட்டவர் என்ற முறையில் கிளார்க் பெயருக்கு. நான் இரண்டு நாள் விடுப்பில் இருந்தேன். வருவதற்குள் அவர் "கவனக்குறைவால் நேர்ந்தது, மன்னிக்கவும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்கே சந்தேகம், ஒருவேளை நாம்தான் தட்டியிருப்போமோ என்று.

வந்ததும் பழைய கோப்பைத் திறந்து பார்த்தேன். கடைசியாகச் சேமித்த நேரம் இரவு 9.40. அவர் ஆறு மணிக்கே போய்விட்டார். வயிற்றில் ஏதோ உருண்டது. மேலாளரிடம் சொன்னேன். "விடுப்பா, விளக்கம் போயாச்சு, ஃபைல் மூடியாச்சு. உனக்கு இன்னும் முப்பது வருஷ சர்வீஸ் இருக்கு" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். உண்மையைச் சொன்னால், ஒரு ராத்திரி முழுக்க அந்த யோசனை எனக்கும் இனித்தது. மறுநாள் காலையில் எழுதிக் கொடுத்தேன். மெமோ என் பெயருக்கு மாறியது. ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது.

கிளார்க்கிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னது: "லெட்ஜரா இருந்திருந்தா என் கையெழுத்தே என்னைக் காப்பாத்தியிருக்கும் சாஹேப். இதுல யார் எழுதினாலும் ஒரே எழுத்து."

அதற்கு மேல் அந்த விஷயத்தை விளக்க எனக்குத் தெரியவில்லை. பேரேட்டில் தப்பு செய்தவன் கை தெரியும், செய்யாதவன் கையும் தெரியும். எக்செல் வந்ததும் இரண்டும் போய்விட்டது. பூட்டு என்பது அந்தப் போன கையெழுத்துக்குப் பதிலாக வந்த பொருள். கள்ளனுக்காக மட்டும் வந்ததில்லை அது. தொடாதவன் மேல் பழி விழாமல் இருக்கவும்தான்.

என் பதினோரு வரிசை ஒரு சின்ன கிளையின் சமாச்சாரம். 2013-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை இதே திட்டத்தைப் பற்றி வந்தபோது உட்கார்ந்து படித்தேன். ஒன்பது மாநிலங்களில் சலுகை கிடைக்காத 9,334 கணக்குகளைப் பார்த்ததில், 1,257 பேர் தகுதி இருந்தும் பட்டியலில் சேர்க்கப்படாதவர்கள். 2,824 கணக்குகளில், 8.64 கோடி ரூபாய் அளவுக்கு, பதிவேடுகளில் அடித்தல், மேலெழுதுதல், திருத்தல் நடந்ததற்கு முகாந்திரம் இருப்பதாகச் சொன்னது. ஆக, காகிதத்திலும் திருத்தியவர்கள் உண்டு. ஆனால் காகிதத்தில் அது தடயமாக நின்றது, தணிக்கையாளரால் எண்ண முடிந்தது.

பூட்டு எவ்வளவு பலம்?

'பாஸ்வேர்ட் போட்டுவிட்டேன், இனி கவலையில்லை' என்று நினைப்பவர்களுக்கு ஒரு கசப்பான செய்தி. பழைய எக்செல், ஷீட் பாஸ்வேர்டை அப்படியே வைத்துக்கொள்ளாது. அதை அரைத்து 16 பிட் அளவுள்ள ஒரு குட்டி எண்ணாக்கி வைத்துக்கொள்ளும். நீங்கள் எவ்வளவு பெரிய பாஸ்வேர்ட் போட்டாலும் அரைத்தால் வருவது அந்தக் குட்டி எண்தான். அதே எண்ணைத் தரும் வேறு எந்தச் சொல்லும் பூட்டைத் திறந்துவிடும். அதனால் ஏ, பி என்ற இரண்டே எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் ஒரு குறியைச் சேர்த்து, அதிகபட்சம் 1,94,560 முயற்சியில் எதையும் திறக்கும் மேக்ரோ ஒன்று அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2013 எக்செலில் எஸ்.எச்.ஏ-512 என்ற வலுவான முறைக்கு மாறினார்கள். அப்போதும்கூட ஷீட் பூட்டு பாதுகாப்புக்கான வசதி அல்ல என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. கோப்பைத் திறக்கவே பாஸ்வேர்ட் கேட்பது வேறு. அது உள்ளடக்கத்தையே மறையாக்கம் செய்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வேண்டுமென்றே செய்பவனுக்கு முன்னால் செல் பூட்டு எவ்வளவு தூரம் என்பதற்கு என் துறையிலேயே ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் பால்டிமோரில் ஆல்ஃபர்ஸ்ட் என்ற வங்கி இருந்தது, அப்போது அயர்லாந்தின் ஏ.ஐ.பி.க்குச் சொந்தமாக இருந்தது. அங்கே ஜான் ரஸ்னாக் என்ற அந்நியச் செலாவணி வர்த்தகர் மறைத்து வைத்த நஷ்டம் 2002 பிப்ரவரியில் வெளியே வந்தது. 69.1 கோடி டாலர்.

அவர் செய்த பல காரியங்களில் ஒன்று இது. அவர் நிலுவையை மதிப்பிட வேண்டிய பிரிவு, நாணய விகிதங்களைத் தானே நேராக எடுக்கவில்லை. அவருடைய கணினி வழியாக வரும் எக்செல் தாளிலிருந்து எடுத்தது. அந்தத் தாளில் யென், யூரோ செல்கள் மட்டும் ராய்ட்டர்ஸ் வரத்திலிருந்து வராமல், அவர் கணினியிலிருந்தே வரும்படி இணைக்கப்பட்டிருந்தன. பின் அலுவலகத்துக்குத் தனி ராய்ட்டர்ஸ் இணைப்பு வாங்கியிருந்தால் எல்லாம் சரி. அதற்கு 10,000 டாலர் ஆகும் என்று விட்டுவிட்டார்கள் என்று விசாரணையில் தெரிந்தது. ரஸ்னாக்குக்கு 2003-ல் ஏழரை வருஷம் சிறை.

அந்தத் தாளுக்குப் பூட்டுப் போட்டிருந்தால் தடுத்திருக்குமா? தடுத்திருக்காது. ஏனென்றால் தாளே அவர் வீட்டில் இருந்தது, சாவியும் அவரிடமே இருந்திருக்கும். அதனால்தான் வங்கியில் 'மேக்கர், செக்கர்' என்று இரண்டு பேர் வைக்கிறோம். எழுதுபவனும் சரிபார்ப்பவனும் ஒருவனாக இருக்கும் இடத்தில் எந்தப் பூட்டும் அலங்காரம்தான். 2008-ல் அந்த ராத்திரி, சரிபார்க்க உட்கார்ந்த நானே எழுதவும் செய்தேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

கையெழுத்து திரும்பி வருகிறது

ஒரு நல்ல செய்தியும் உண்டு. இணையத்தில் பகிரும் கூகுள் ஷீட்ஸில் குறிப்பிட்ட கட்டங்களை குறிப்பிட்ட ஆட்கள் மட்டும் தொடும்படி வைக்கலாம். ஒரு செல்லை யார் எப்போது மாற்றினார் என்றும் பார்க்கலாம். எக்செலிலும் பகிர்ந்த கோப்புகளுக்கு 'ஷோ சேஞ்சஸ்' வந்துவிட்டது. நம் நாட்டில் 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிவு செய்ய வேண்டும், அந்தப் பதிவை யாரும் நிறுத்த முடியாதபடி இருக்க வேண்டும் என்று விதி. ஒரே கோடு போட்டு அடித்து இனிஷியல் போடும் பழைய பேரேட்டு விதிதான், புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறது.

சரி, உங்கள் வீட்டுக் கணக்கு, அபார்ட்மெண்ட் பராமரிப்பு, பொங்கல் வசூல் இதற்கெல்லாம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

1. எண் நிரப்ப வேண்டிய செல்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். 'ஃபார்மட் செல்ஸ்', 'புரொடெக்ஷன்' போய் 'லாக்டு' டிக்கை எடுங்கள்.
2. அந்தச் செல்களுக்கு ஒரு வெளிர் மஞ்சள் நிறம் கொடுங்கள். எங்கே எழுதலாம் என்று பெரியவர்களுக்கும் புரியும்.
3. 'ரிவ்யூ' மெனுவில் 'புரொடெக்ட் ஷீட்' கொடுங்கள். பாஸ்வேர்ட் போட்டால் ஒரு காகிதத்தில் எழுதி இன்னொருவரிடமும் கொடுங்கள். நீங்கள் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் தவிக்கக் கூடாது.
4. எழுதுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர். சரிபார்ப்பவர் தப்பைக் கண்டால் எழுதியவரிடம் சொல்லட்டும், தானே திருத்த வேண்டாம்.

நாலாவதுதான் முக்கியம். முதல் மூன்றும் அதற்குத் துணை.

எங்கள் பொங்கல் கணக்குக்கும் இதையே செய்து கொடுத்தேன். பொருளாளர் மஞ்சள் கட்டங்களைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதை ஜனவரியிலேயே செஞ்சிருக்கலாமே" என்றார். செய்திருக்கலாம்தான்.

எங்கள் கிளார்க் குறித்த நாளில் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் அவருக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்தேன். அதை வாங்கிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டவர், என் கையைப் பிடித்து, "ராத்திரி ஒன்பது மணிக்கு மேல கணக்கைத் தொடாதீங்க சாஹேப்" என்றார். ஷீட்டில் பூட்டு இருக்கிறதோ இல்லையோ, இன்றுவரை அதை மட்டும் மீறவில்லை. மார்ச் 31 தவிர :-)